முதல் செலுத்தாத மீட்பு

அடகு வைத்த நகையை மீட்க வேண்டுமாயின் முதலும் வட்டியும் செலுத்தியாக வேண்டும். விதைப்புச் செலவுக்கு மனைவியின் நகையை ஈடு வைத்து, அறுவடைக்குப் பின் மீட்கும் எம் கமக்காரருக்கு இதனை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. பொன்னுக்குள்ள இந்நியதி மனித உறவுக்கும் உண்டு என்பதை ஒரு திரைப்படம் தெளிவாகக் காட்டியுள்ளது. பிரசன்ன விதானகே 2012இல் ஆக்கியளித்த அப்படத்தின் சிங்களப் பெயர் ‘ஒப நதுவ ஒப எக்க’; தமிழ்ப் பெயர் ‘பிறகு’. ருஷ்ய எழுத்தாளர் தொஸ்தயேவ்ஸ்கி 1876இல் எழுதிய கதையொன்றைத் தழுவி, போருக்குப் பின்னான இலங்கையில் அமைக்கப்பட்டது அது.

மலைநாட்டுச் சிறுநகரொன்றில் அடகுக்கடை நடத்துகிறான் சரத்சிறி என்னும் சிங்களவன். நகை ஈடு வைக்க வருகிறாள் வடக்கிலிருந்து வந்த செல்வி. சகோதரரைப் போரில் இராணுவத்திடம் பறிகொடுத்த தமிழ்ப் பெண். முதிய செல்வந்தன் ஒருவனுக்கு மனைவியாகவிருந்தவளைச் சரத்சிறி மணந்து கொள்கிறான். வீடு தருகிறான், உணவு தருகிறான். தான் இராணுவத்தில் இருந்தவன் என்ற உண்மையை மட்டும் தரவில்லை. பழைய தோழன் ஒருவன் வந்தபோது அது வெளிப்படுகிறது. அதன் பின்னர் ஒரே கூரையின் கீழ் இருவர் இருந்தனர், இல்லறம் இருக்கவில்லை. ஈற்றில் அவன் மனம் உருகுகிறான், மன்னிப்பை இரக்கிறான். ஆயினும் காலம் கடந்துவிட்டது. செல்வி தன் உயிரை மாய்த்துக் கொள்கிறாள்.

சரத்சிறியை நாம் கொடியவன் என்று கூறோம். அவன் மனச்சாட்சி உறுத்தியது. அவன் அன்பும் பொய்யன்று. அவன் செய்த பிழை யாது? கொடையால் கடனைத் தீர்க்கலாம் என்று எண்ணினான். உண்மை என்னும் முதலைச் செலுத்தாமல் வட்டியை மட்டும் செலுத்தி வந்தான். அடகுக்கடைக்காரனே அடகின் நியதியை மறந்தான்!

இத்தகைய படைப்பாளியை இரு கரையாரும் ஐயுற்றமை வருந்தத்தக்கது. போரில் மகனை இழந்த சிங்களத் தந்தையைப் பற்றிய அவரது ‘புரஹந்த களுவர’ படத்தை 2000இல் அரசு திரையிடவிடாது தடுத்தது; 2001இல் உயர் நீதிமன்றமே அதற்கு வழி திறந்தது. ‘பிறகு’ படமோ 2014 ஜூனில் சென்னையில் மிரட்டல்களால் திரையரங்குகளிலிருந்து நிறுத்தப்பட்டது. தமிழ்ப் பெண்ணின் துயரைச் சொன்ன படத்தைத் தமிழின் பெயரால் மறிப்பது அறிவுடைமையாகுமா?

போர் 2009இல் முடிந்தது. பின்னர் வீதிகள் போடப்பட்டன; புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இவை வேண்டாம் என்பார் எவருமிலர். எனினும் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் வீதியையா கேட்டனர்? தம் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்ற உண்மையையே கேட்டனர். நல்லிணக்கம் பேசும் ஆட்சியாளர் சரத்சிறியின் வீட்டை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. செல்வி கேட்டதும் அவ்வுண்மையையே. உரிய காலத்தில் அதனை வழங்குபவனே மீட்சி பெறுவான். தவணை கடந்த பின் கண்ணீர் வடிப்பதால் பயனில்லை.