மாலைக்கு ஒரு கொளுக்கி

இரண்டு மணிமாலைகளை இணைக்க விரும்பினால், இரண்டிலும் கொளுக்கி வைத்து மாட்டிவிடுகின்றோம். நம் உடலிலுள்ள புரதங்களும் ஒருவகை மாலைகளே. அமினோவமிலங்கள் எனப்படும் 20 வகை மணிகளைப் பற்பல வரிசைகளிற் கோத்து உயிர்க்கலங்கள் அவற்றை ஆக்குகின்றன. கோத்த மாலை மடிந்து சுருண்டு தனக்குரிய வடிவைப் பெற்ற பின்னரே தொழில் புரியும்.

இரு புரதங்களைப் பிணைக்க முயன்ற விஞ்ஞானிகள் பெரும்பாலும் லைசீன் என்னும் மணியைப் பற்றினர். ஒரு புரதத்திலேயே அம்மணி பல இடங்களில் இருக்குமாதலால், பிணைப்பு நினையாத இடங்களிலும் விழுந்தது. தொழில் புரியும் பகுதி மறைபட்டால் அப்புரதத்தினாற் பயன் என்ன?

வேண்டிய இடத்திற் கொளுக்கியுள்ள புதுமணியைக் கோக்கலாகாதா? மணிகளின் வரிசையை விதிக்கும் பரம்பரையலகில் 64 மூவெழுத்துக் குறிகள் உண்டு. அவற்றுள் 61 மணிகளைச் சுட்டும். எஞ்சிய 3 'கோப்பதை நிறுத்து' எனக் கட்டளையிடும். அமெரிக்க விஞ்ஞானி பீற்றர் சுல்ட்சும் அவர்தம் குழுவினரும் அந்நிறுத்தற் குறிகளுள் ஒன்றைப் புதுமணிக்கு உரியதாக்கினர். அம்மணியைச் சுமந்துவரும் காவியையும், காவியில் அதனை ஏற்றும் நொதியத்தையும் தனியே அமைத்தனர். 2001ஆம் ஆண்டில், உயிருள்ள பற்றீரியாவே இவ்வாறு புதுமணியைக் கோத்தது. பின்னர் கொளுக்கி போன்ற கீற்றோன் கூட்டமுடைய மணிகளும் கோக்கப்பட்டன. இக்கொளுக்கி தனக்கேற்ற துணையுடன் மட்டும் மாட்டிக்கொள்ளும். மற்றைய 20 மணிகளைத் தீண்டாது.

இதனால் விளையும் நன்மை யாதென நேயர்கள் வினவலாம். 2012இல் சுல்ட்சு குழுவினர் இரு பிறபொருளெதிரித் துண்டுகளை இம்முறையாற் பிணைத்தனர். ஒன்று, சில மார்பகப் புற்றுநோய்க் கலங்களின் மேல் மிகுந்திருக்கும் ஹெர்-2 புரதத்தைப் பற்றும். மற்றையது, நோயெதிர்க்கும் 'ரீ' கலங்களைப் பற்றும். காவலனையும் பகைவனையும் அருகருகே நிறுத்தியதுபோல் ஆயிற்று. ஆய்வுகூடத்தில் மிகச் சிறிதளவே இட்டபோதும், 'ரீ' கலங்கள் புற்றுநோய்க் கலங்களை அழித்தன.

ஆய்வுகூட வெற்றி நோயாளிக்கு மருந்தாகிவிடாது. இடையிற் சோதனைகள் பல உள. எனினும், சேர்த்தல் மட்டும் போதாது, சேருமிடம் அறிந்து சேர்த்தல் வேண்டும் என்பதை இம்முயற்சி விளக்குகின்றது. இரசாயனம் பயிலும் நம் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.