வீட்டிலேயே இருந்தாராம்!

லெபனானிலிருந்து அமெரிக்காவுக்குப் போன குடும்பமொன்றில் ஒரு மூதாட்டி இறந்தால் எழுதப்படும் இரங்கல் குறிப்பை ஒருமுறை படித்தால் போதும், மற்றதெல்லாம் அதன் நகல்தான். ஆழ்ந்த பக்தி, கையில் ஜெபமாலை, தவறாத ஞாயிறு பூசை, கிப்பே என்ற இறைச்சிப் பண்டம் மணக்கும் சமையலறை, கடைசியில் ‘இல்லத்தரசி’ என்றொரு முத்திரை. கணவரைப் பற்றி எழுதும்போது மட்டும் கடை, வியாபாரம், வியர்வை, முன்னேற்றம் எல்லாம் வந்துவிடும். அவர் சம்பாதித்தார், இவர் வேண்டிக்கொண்டார். பேரப்பிள்ளைகள் நம்புவது இவ்வளவுதான். மலைநாட்டு வழக்கம் அது, மதம் அப்படி, அந்தக் காலத்துப் பெண்கள் வாசற்படி தாண்டவில்லை என்று காரணமும் சொல்வார்கள்.

வாசற்படி தாண்டாதவர்கள் அட்லாண்டிக்கை எப்படித் தாண்டினார்கள் என்று கேட்பாரில்லை.

முதல் உலகப்போருக்கு முந்தைய சில பத்தாண்டுகளில் லெபனான் மலைப்பகுதி மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள் என்பது கணிப்பு. அமெரிக்காவில் இறங்கியவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் பெண். கப்பலேறுவதற்கு முன்பே கூலி வாங்கிப் பழகியவர்களும் அவர்களில் உண்டு. பிரெஞ்சுப் பணத்தில் அந்த மலையில் முளைத்த பட்டு ஆலைகளில், சுடுநீர்த் தொட்டியில் மிதக்கும் கூட்டிலிருந்து இழை பிரித்தவை பெரும்பாலும் இளம்பெண்களின் விரல்கள். பாதிரிமார் முகம் சுளித்தார்கள். ஆனால் கூலி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பெண்களும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

அமெரிக்கா போனதும் மூட்டை. முதுகில் துணிமணி, கையில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் ஊசி, நூல், பொத்தான், லேஸ், கூடவே புனித பூமியிலிருந்து வந்தவை என்று சொல்லி விற்ற ஜெபமாலைகளும் சிலுவைகளும். ஆண்கள் செய்த இதே மூட்டை வியாபாரத்தைப் பெண்களும் செய்தார்கள். அறிமுகமில்லாத ஆண் கதவைத் தட்டினால் திறக்கத் தயங்கும் வீட்டுக்காரி, பெண் தட்டினால் திறப்பாள். அதனால் பல இடங்களில் பெண்ணுக்குத்தான் வியாபாரம் சுளுவாக நடந்தது. இரவு படுக்கைக்கு முன் அந்த வியாபாரிப் பெண் உருட்டிய ஜெபமாலை மணிகள்தான் பகலில் அவர் பெட்டியிலும் இருந்தன. பக்தி தனி, பிழைப்பு தனி என்று பிரித்துப் பார்ப்பது நம் வசதிக்காகத்தான்.

இப்படி மூட்டை தூக்கிய ஒரு லெபனானியத் தாயின் மகன்தான் கலீல் கிப்ரான். தமிழில் அவரைப் படிக்காத கவிதை வாசகர் குறைவு. குழந்தைகளைப் பற்றி ‘தீர்க்கதரிசி’யில் அவர் எழுதியதை மேடையில் சொல்லாத பேச்சாளரும் குறைவு. அவருடைய தாய் கமீலா, லெபனானின் பிஷர்ரி ஊரில் ஒரு மரோனைட் பாதிரியாரின் மகள் (கத்தோலிக்கரான மரோனைட் சபையில் மணமானவர்களும் பாதிரியாராகலாம்). முதல் கணவர் பிழைக்கப் போன பிரேசிலிலேயே இறந்தார். இன்னொரு கணவரான கிப்ரானின் தந்தை, வரிப்பணத்தைக் கையாடியதாகச் சிறைக்குப் போனார், சொத்து பறிபோனது. 1895-இல் கணவரை ஊரில் விட்டுவிட்டு, நான்கு பிள்ளைகளுடன் கமீலா கப்பலேறினார். பாஸ்டன் நகரின் சவுத் எண்டில் குடியேறி, லேஸும் துணியும் சுமந்து வீடுவீடாக விற்றார். சிறுகச் சிறுகச் சேர்த்த அந்தக் காசில்தான் மூத்த மகன் பூத்ரோஸ் ஒரு துணிமணிக் கடை போட முடிந்தது. படிக்க அனுப்பியது கலீலை மட்டும். மகள்கள் மரியானாவுக்கும் சுல்தானாவுக்கும் பள்ளிக்கூடம் இல்லை; குடும்பத்தின் கணக்கில் அதுவும் ஒரு செலவுதான், செலுத்தியவர்கள் பெண்கள்.

1902-இல் சுல்தானா இறந்துபோனாள். 1903 மார்ச்சில் பூத்ரோஸ், ஜூனில் புற்றுநோயால் கமீலா. அதன்பின் தையல் வேலைக்குப் போய் வீட்டை ஓட்டியவர் மரியானா. ஓவியமும் கவிதையுமாக வளர்ந்த அந்த மேதையின் ஆரம்பக் காலத்துச் சோற்றுக்கு ஒரு மூட்டையும் ஓர் ஊசியும் ஈடு. இதையெல்லாம் தெரிந்துகொண்டும் ‘அன்பே உருவான தாய்’ என்று ஒரு வரியில் கடந்துபோகும் முன்னுரைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பிறகு இந்த ‘வீட்டிலேயே இருந்த தாய்’ எங்கிருந்து வந்தார்? பழைய மலைக்கிராமத்திலிருந்து நிச்சயமாக இல்லை. குடியேறிய இடத்திலேயே தைத்த சட்டை அது. பாஸ்டனில் ஏழைகளுக்கு உதவிய தர்ம சங்கத்தினருக்குச் சிரியப் பெண்கள் (லெபனானியரையும் அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) தெருவில் விற்பது பிடிக்கவில்லை. பிள்ளைகளைக் கவனிக்காமல் அலைகிறார்கள், ஆண்கள் சோம்பிக் கிடக்கிறார்கள் என்றார்கள். அமெரிக்காவில் வெளிவந்த அரபுப் பத்திரிகைகளில் சிரிய ஆண்களும் சேர்ந்துகொண்டு, அந்நியர் வாசலில் நம் பெண்கள் நிற்பது மானக்கேடு என்று எழுதினார்கள்.  எல்லா ஊரிலும் இதே பேச்சு. மூட்டை கடையானது, கடை வீடானது, கையில் நாலு காசு சேர்ந்தது. அதன்பிறகு வீட்டோடு இருக்கும் மனைவி ஒரு கௌரவச் சின்னம் ஆனார். அமெரிக்க நடுத்தர வர்க்கத்தைப் பார்த்து வரித்துக்கொண்ட அந்தக் கோலத்துக்குத்தான் பிற்பாடு ‘எங்கள் பாரம்பரியம்’ என்று பெயர். வரலாற்றாசிரியர் அக்ரம் காத்தர் 2001-இல் எழுதிய நூல் இந்த மாற்றத்தைத்தான் விரிவாகத் தொடர்கிறது.

அரசாங்கமும் தன் பங்குக்குக் கைகொடுத்தது. 1910-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேறு வேலை இல்லாமல் தன் வீட்டில் கூலியின்றி வேலை செய்யும் பெண்ணுக்குத் தொழில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதும்படி கணக்கெடுப்பவர்களுக்கு உத்தரவு. வீட்டில் ஆள் வைத்துச் சோறு போட்டாலும், அதுவே பிரதானப் பிழைப்பாக இருந்தால்தான் தொழில். கல்யாணமாகாத மூட்டை வியாபாரிகளைத் தங்கவைத்து, சமைத்துப் போட்டு, துவைத்துக் கொடுத்து வாடகை வாங்கிய பெண்களில் எத்தனை பேர் அந்த ‘இல்லை’க்குள் போனார்கள்!

சரி, மூட்டையே தூக்காதவர்கள், பின்னால் வந்தவர்கள், நிஜமாகவே வீட்டில் இருந்தவர்கள்? அவர்களையும் பார்ப்போம். கிப்பே என்றால் கல்லுரலில் ஆட்டிறைச்சியை நார் தெரியாமல் இடித்து, ஊறவைத்த உடைத்த கோதுமையோடு மறுபடி இடித்துச் சேர்ப்பது, தோள்பட்டை விட்டுப்போகும். கிஷ்க் என்றால் கோதுமையையும் தயிரையும் நாள்கணக்கில் புளிக்கவைத்து, காயவைத்து, கையால் தேய்த்துப் பொடியாக்குவது. குளிர்காலம் முழுவதும் குடும்பம் தின்பதற்கான சேமிப்பு இது. இதே வேலையைத் தொழிற்சாலையில் செய்தால் உற்பத்தி. அம்மா செய்தால் பாசம்.

தர்ம காரியமும் அப்படித்தான். முதல் உலகப்போர்க் காலத்தில் முற்றுகையும் வெட்டுக்கிளியும் சேர்ந்து கொண்டுவந்த பஞ்சத்தில் லெபனான் மலையில் ஒரு பெருங்கூட்டமே செத்தது. பாஸ்டனில் சிரியப் பெண்கள் 1917-இல் உதவிச் சங்கம் அமைத்து நிதி திரட்டினார்கள். பலகாரம் செய்து விற்பது, விருந்து நடத்துவது, கணக்கு எழுதுவது, கொடுக்காதவரிடம் இரண்டாம் முறை போய் நிற்பது எல்லாம் சேர்ந்ததுதான் நிதி திரட்டல். இதைச் செய்த பெண்ணைப் ‘பக்தை’ என்று மட்டும் சொன்னால், நிர்வாகியை மறைத்துவிட்டு மெழுகுவத்தியைக் காட்டுகிறோம் என்று அர்த்தம்.

தாயைத் தியாகி என்று உயர்த்தித்தானே பேசுகிறோம், அதில் என்ன குறை என்பார்கள். குறை அதில்தான். தெய்வத்துக்கு யாரும் கூலிபாக்கி வைப்பதில்லை.

அலிக்ஸா நாஃப் என்ற லெபனானியப் பெண்மணி 1962 முதல் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய், முதல் தலைமுறையினர் உயிரோடிருக்கும்போதே அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்தார். அந்த ஒலிநாடாக்கள் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காப்பகத்தில் இருக்கின்றன. பாட்டி எதுவும் செய்யவில்லை என்று எழுதப்போகிற பேரன் முதலில் அங்கே போய்க் கேட்டுவிட்டு எழுதட்டும்.