ஐம்பதாயிரம் ரூபாய் வக்கீல்

கொண்டாப்பூரில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் நாலு சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு இன்ஜினியரிங்கை விட்டு சட்டப் படிப்புக்குத் தாவிவிட்டது. கிளாட் கோச்சிங், நேஷனல் லா ஸ்கூல், அப்புறம் மும்பையில் கார்ப்பரேட் வேலை. அந்தப் பையனே 'ஆறு, ஏரி கேஸ் நடத்தப் போறேன்' என்று கிளம்பினால்? "படிக்க வெச்ச காசெல்லாம் போச்சு" என்று ஒரு கூட்டம். "பெரிய தியாகி சார்" என்று இன்னொரு கூட்டம். எனக்கு இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் கோபம் அதிகம்.

எம்.சி.மேத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜம்முவில் இருந்து டெல்லிக்கு வந்த வக்கீல். 1984ல் தாஜ்மகாலுக்காக சுப்ரீம் கோர்ட் போனவர், அதற்கப்புறம் சுற்றுச்சூழலை விடவில்லை. நம்ம பாலாற்றுக்கும் அவர்தான் வாதாடினார். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வேலூர் வழக்கு. 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு. மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம் என்று அதில்தான் அழுத்தமாகச் சொன்னார்கள். தொழிற்சாலைக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம். சென்னை உயர்நீதிமன்றத்தில் பசுமை பெஞ்ச் அமைக்கவும் சொன்னார்கள்.

மேத்தாவுக்கு? ஃபீஸ், கைச்செலவு எல்லாம் சேர்த்து தமிழக அரசு 50,000 ரூபாய் தர உத்தரவு. வழக்கில் சொன்ன கணக்குப்படி ஓரளவோ முழுசாகவோ பாழான விளைநிலம் சுமார் 35,000 ஹெக்டேர். பேங்க்காரன் புத்தி, வகுத்துப் பார்த்தேன். ஹெக்டேருக்கு ஒன்றரை ரூபாய்கூட வரவில்லை! (கோர்ட்டைக் குறை சொல்லவில்லை. அவர்களாவது கொடுக்கச் சொன்னார்கள்.)

வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்குத் தெரியும். பேனல் வக்கீல் வில்லங்கம் பார்த்து ஒப்பீனியன் கொடுக்காமல் ஃபைல் நகராது. அதற்கான ஃபீஸ் உங்கள் தலையில்தான். அந்த வக்கீலை யாராவது தியாகி என்கிறோமா? தியாகி என்று சொல்லிவிட்டால் பில் கட்ட வேண்டாம், அவ்வளவுதான் விஷயம்.

'தோல் ஏற்றுமதி டாலர் கொண்டுவருதே, ஆயிரக்கணக்கான பேர் பிழைக்கிறாங்களே' என்பீர்கள். வாஸ்தவம், கடனும் பேங்க்தான் கொடுக்கிறது. ஆனால் கழிவைச் சுத்திகரிக்கிற செலவு உற்பத்திச் செலவு. அதை ஆற்றில் விட்டுவிட்டு லாபம் காட்டுவதற்கு பி.காமில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெயர் விண்டோ டிரஸ்ஸிங்.

இன்னொன்று, ஒரு தீர்ப்போடு இது முடிவதில்லை. அதே வேலூர், அதே பாலாறு. 2025 ஜனவரி 30ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி இழப்பீடு, கமிட்டி என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. 28 வருஷம்! ஞாயிற்றுக்கிழமை சமூக சேவையாக இதைச் செய்ய முடியுமா? முழுநேரத் தொழிலாக, அந்த வட்டாரத்திலேயே உட்கார்ந்து ஃபாலோ பண்ண ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் வாடகை உண்டு, ஸ்கூல் ஃபீஸ் உண்டு.

இங்கே மட்டும் என்ன. 2025 ஏப்ரல் 3ல் காஞ்ச கச்சிபௌலி 400 ஏக்கரில் மரம் வெட்டுவதை சுப்ரீம் கோர்ட் நிறுத்தியது. மயில் படம் ஃபார்வர்ட் பண்ணாத ஆள் இல்லை. அடுத்த வாரமே கோகாபேட்டில் ஃபிளாட் என்ன ரேட் என்று விசாரணை :-)

நம்மில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர்! ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு இங்கிருந்து பணம் அனுப்புகிறோம், ரசீதும் கேட்டு வாங்குகிறோம். ஊர்க் கிணற்றுக்காக வழக்காடுகிற வக்கீலுக்கு ஃபீஸ் அனுப்பியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.