‘நீ சும்மா உட்கார்!’

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவல்லிக்கேணியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “நீ சும்மா உட்கார்!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அக்காவின் மாமியார்தான். எனக்குத் தண்ணீர் கொண்டுவர அக்கா எழுந்திருக்கிறாள் போலிருக்கிறது.

அங்கே இருந்த ஒன்றரை மணி நேரத்தில் அதே வாக்கியத்தை ஒன்பது தடவை கேட்டேன். மாமியார் ஐந்து, அத்தான் மூன்று, பத்தாவது படிக்கும் பையன் ஒன்று. எண்ணிக்கொண்டா இருந்தாய் என்று கேட்காதீர்கள். பத்திரிகைக்காரி புத்தி வேறு எப்படி இருக்கும்?

“இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்” என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மாமியார் காபி போட உள்ளே போனதும், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “வால்வைத்தான் மாற்றினார்கள் என்று நினைத்தேனடி. இந்த வீட்டில் என் இடத்தையே மாற்றிவிட்டார்கள்.”

விஷயம் இதுதான். அக்காவுக்கு வயது 44. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. சிறுமியாக இருந்தபோது தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம் என்று நாள் கணக்கில் படுத்துக் கிடந்தாள். அதற்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். பெரும்பாலும் 5 வயதிலிருந்து 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வருவது. தொண்டையில் புகுந்த ஒரு கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் படை, வழி தவறித் தன் இதயத்தையே தாக்கிவிடுகிறது. மூட்டு வலி போய்விடும். இதய வால்வில் விழுந்த வடு போகாது. வருஷக் கணக்கில் அது தடித்துச் சுருங்கும். அக்காவுக்கு அப்படிச் சுருங்கியது இடப்பக்கத்து மைட்ரல் வால்வு. மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டியது. இரவில் படுத்தால் இருமல். கடைசியில் பிப்ரவரி மாதம் நெஞ்சைத் திறந்து, பழுதான வால்வை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்தினார்கள்.

வால்வு என்றால் வேறொன்றுமில்லை, ஒரு வழிக் கதவு. ரத்தத்தை முன்னே விட்டுப் பின்னே திரும்பாமல் தடுப்பது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூட வேண்டிய கதவு! அதை மனிதன் செய்ய முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமான இருவர் அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்தில் இருந்தார்கள். ஒருவர் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் டாக்டர். மற்றவர் லோவல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வு பெற்ற என்ஜினீயர். சிறு வயதில் அதே ருமாட்டிக் காய்ச்சலில் அடிபட்டவர் அவர். ஒரு கூண்டுக்குள் பந்து ஏறி இறங்குவது போன்ற வால்வை இருவருமாகச் செய்து, 1960-ல் நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். முதல் நோயாளி பிழைக்கவில்லை. இரண்டாமவர், லாரிகளை அனுப்பி வைக்கும் வேலையிலிருந்த 52 வயதுக்காரர், பிழைத்து எழுந்தார். பத்து வருஷம் இருந்தார். கடைசியில் அவர் இறந்தது இதயத்தால் அல்ல. தம் வீட்டுக்கு வர்ணம் அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து!

அந்த முடிவு வருத்தமானதுதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: வால்வு மாற்றிய மனிதர் ஏணி மீது ஏறி வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைச் சும்மா உட்காரச் சொல்லவில்லை.

நம் நாட்டிலும் டாக்டர் வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் ஒரு வால்வு உருவாயிற்று. முதல் மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவது ஜெயித்தது. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். அக்காவின் நெஞ்சில் இன்று ‘டிக் டிக்’ என்று சொல்லிக்கொண்டிருப்பது அந்தச் சித்திரா வால்வுதான். இரவில் வீடு அடங்கிய பிறகு காதுக்குக் கேட்கும். முதல் வாரமெல்லாம் அத்தான் தூங்காமல் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மாமியாரும் வந்தார்.

“வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று டாக்டர் கேட்டார்.

அக்கா பேசாமல் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் பெருமையுடன், “ஒரு துரும்பைக்கூட எடுக்க விடுவதில்லை, டாக்டர்” என்றார்.

டாக்டர் சிரித்தார். “அம்மா, இவ்வளவு பாடுபட்டுப் புதுக் கதவு போட்டது வீட்டைப் பூட்டி வைக்கவா?”

பிறகு அவர் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது உதவும்.

பிளந்து கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நன்றாக உறுதிப்பட மூன்று மாதம். அதுவரை தண்ணீர்க் குடம், மாவரைக்கும் கிரைண்டர், காஸ் சிலிண்டர், குழந்தை எதையும் தூக்கக் கூடாது. ஐந்து கிலோ அரிசிப் பையே அதிகம். படுக்கையில் கையை ஊன்றி எழாமல், பக்கவாட்டில் புரண்டு எழ வேண்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நடை முதல் வாரத்திலிருந்தே உண்டு. ஐந்து நிமிஷத்தில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல அரை மணிக்குக் கொண்டுபோக வேண்டும். அளவு என்ன? நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிந்தால் சரியான வேகம். பேச்சு திணறினால் நிற்க வேண்டும். கறிகாய் நறுக்குவது, துணி மடிப்பது, தாளிப்பது எல்லாம் சில வாரங்களிலேயே செய்யலாம். உட்கார்ந்து பார்க்கும் உத்தியோகத்துக்குப் பலர் ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள். உடலுழைப்பு வேலைக்கு மூன்று மாதம். தாம்பத்திய உறவைப் பற்றியும் டாக்டரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்காமல் இருந்தால் பொதுவாக அதற்குத் தடை சொல்வதில்லை.

உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையை ஆயுள் முழுவதும், தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொன்ன தேதியில் செய்ய வேண்டும். மைட்ரல் வால்வுக்கு அது பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் பல வீடுகளில் கீரையையே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். தலைவலி, மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்குவதும், கேள்விப்பட்ட நாட்டு மருந்தைக் குடிப்பதும்தான் ஆபத்து. பல் பிடுங்கப் போனால் வால்வு விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். இந்த மாத்திரையால் மாதவிலக்கின்போது போக்கு அதிகமாகலாம். பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், சொல்லுங்கள். குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டாவதற்கு முன்பே டாக்டரைக் கலந்துகொள்ள வேண்டும். மாத்திரை கருவுக்குக் கெடுதல் செய்யலாம். தானாக நிறுத்தினாலோ தாய்க்கே ஆபத்து.

குளிர் காய்ச்சல், படுத்தால் மூச்சுத் திணறல், இரண்டொரு நாளில் எடை கூடிக் கால் வீக்கம், கறுப்பாக மலம் போவது, வாய் குழறுவது, ‘டிக் டிக்’ சத்தம் மங்குவது - இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

“இன்னொன்று” என்றார் டாக்டர். “ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். அது உடம்பின் சோர்வு. அது நீடித்தால் என்னிடம் சொல்லுங்கள். ஆனால் ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்ற நினைப்பால் வரும் அழுகைக்கு என்னிடம் மருந்து இல்லை. வீட்டில்தான் இருக்கிறது.”

திரும்பும்போது ஆட்டோவில் மாமியார் வெகு நேரம் பேசவில்லை. ஐஸ் ஹவுஸ் பக்கம் வந்ததும், யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“எனக்கு ஒரு தங்கை இருந்தாள். இவளுக்கு இருந்த அதே வியாதிதான் என்று பின்னால் சொன்னார்கள். அப்போது யாருக்குத் தெரியும்? மூச்சு வாங்குகிறது என்பாள். சோம்பேறித்தனம் என்று நாங்கள் திட்டுவோம். ஒரு நாள் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் குடத்தோடு வந்தவள் திண்ணையில் சாய்ந்தாள். 27 வயசு. ‘நீ சும்மா உட்கார்’ என்று ஒரு வார்த்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.”

அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது தடவை என்று எண்ணிச் சிரித்தேனே, எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் காலை நான் போயிருந்தேன். வாசலில் அக்கா கோலம் போட்டிருந்தாள். கோடு கொஞ்சம் நடுங்கியிருந்தது. “ஐந்து புள்ளிக் கோலம்தான், அடுத்த வாரம் ஏழு!” என்றாள். பஸ் நிறுத்தம் வரை இருவரும் நடந்தே போனார்கள். புத்தகப் பையை மட்டும் மாமியார் தரவில்லை. “இதை நான் தூக்கி வருகிறேன். நீ பேசிக்கொண்டே நட. பேச்சு திணறினால் நில்” என்றார். டாக்டர் சொன்னதை அவரும் மனசில் குறித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

உங்கள் வீட்டிலும் பெரிய சிகிச்சை முடிந்து ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அவரை அங்கே உட்கார வைத்தது உங்கள் அன்பு, சந்தேகமில்லை. அந்த அன்புக்குள் ஒரு பயமும் இருக்கும். அதை மறைக்காமல் ஒரு தடவை அவரிடமே சொல்லிவிடுங்கள். பிறகு, “நீ சும்மா உட்கார்” என்பதற்குப் பதிலாக, “வா, மெதுவாக என்னோடு நட” என்று சொல்லிப் பாருங்கள்.