செய்தி நோன்பும் சிந்தனைக் கடமையும்

"பத்திரிகை பாராதவன் அரசியல் பேசத் தகுதியற்றவன்" என்னும் கூற்று நமது படித்த வட்டாரங்களில் ஏறத்தாழ ஒரு சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. ஆசிரியர் ஓய்வறையிலும் மாணவர் விடுதியிலும் கிராமத்து வாசிகசாலையிலும் இதனை ஐயுறுவார் எவருமிலர். காலையில் பத்திரிகை, மாலையில் வானொலி, இரவில் தொலைக்காட்சி, இவற்றுக்கிடையே கணந்தோறும் கைத்தொலைபேசி என்று வாழ்பவரே அரசியல் விழிப்புப் பெற்றவராகக் கொள்ளப்படுகிறார். சில நாட்களுக்கு இவற்றை ஒதுக்கிவைக்கப் போவதாக ஒருவர் கூறுவாராயின், அவர் கோழை என்றோ, மக்களை மறந்த சுகவாசி என்றோ இகழப்படுகிறார்.

இக்கொள்கையை நான் மறுக்கிறேன். அரசியற் பொறுப்புணர்ச்சியுள்ள ஒவ்வொருவரும் ஆண்டிற்கு ஒரு மாதமேனும் செய்திகளுக்கு ஓய்வு கொடுத்து, தாம் கொண்டுள்ள அபிப்பிராயங்கள் எங்கிருந்து வந்தன, எவற்றின்மீது நிற்கின்றன என்று விசாரணை செய்தல் வேண்டும். அரசியலில் ஈடுபடுவோர்க்குரிய முதற் கடமைகளுள் இதுவும் ஒன்றாகும்.

செய்தி என்பது யாது? நேற்று நிகழ்ந்து, இன்று விற்கப்பட்டு, நாளை பழையதாகிவிடும் பண்டம் அது. அத்தகைய பண்டத்தை விற்பவருக்கு நிகழ்ச்சியின் வேரைத் தோண்டிப் பார்க்க அவகாசமுமில்லை, அதனால் வருவாயுமில்லை. எனவே நிகழ்ச்சிகள் காரணத்தினின்றும் பிரிக்கப்பட்டு, உதிரி உதிரியாக நம்மை வந்தடைகின்றன. உதிரிகளை நாள்தோறும் சேகரிப்பவர் தம்மை அறிஞரெனக் கருதிக்கொள்கிறார். செங்கற்களைக் குவித்து வைத்திருப்பவர் வீடு கட்டிவிட்டதாக நினைப்பதை ஒத்தது இது.

நமது நாட்டின் அண்மைக்கால அனுபவத்தையே நோக்குவோம். 2022 ஏப்ரல் 12ஆந் திகதி இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. எரிபொருள் வரிசை, எரிவாயு வரிசை, ஜூலை 9ஆந் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகையினுட் புகுந்தமை, ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறியமை என்று செய்திகள் வெள்ளமெனப் பெருகின. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் கடனுக்கு அங்கீகாரம் அளித்தது. அதன்பின்னர் அடுத்த தவணை வருமா, எப்போது வரும் என்பதே தலைப்புச் செய்தியாயிற்று. ஆனால், 1965ஆம் ஆண்டு தொடங்கி நாணய நிதியத்துடன் இலங்கை செய்துகொண்ட ஒப்பந்தங்களுள் இது பதினேழாவது என்ற உண்மையை மனத்திற் கொண்டு விவாதித்தோர் எத்தனை பேர்? பதினாறு முறை மருந்துண்டும் தீராத நோயின் தன்மை யாது என்ற வினா எந்த ஒரு நாளினதும் செய்தியன்று. அதனாலேயே அது கேட்கப்படுவதுமில்லை.

2019 டிசம்பரில் பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டபோது அதனை வரவேற்றுப் பேசிய பலர், 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமாக உயர்ந்தபோது கொதித்தெழுந்தனர். கொதிப்பு நியாயமானதே. அரிசிக்கும் பருப்புக்கும் உழைப்பவர்மீது மறைமுக வரியின் சுமையை ஏற்றுவது அநீதி என்பதில் ஐயமில்லை. எனினும், முந்திய வரவேற்பையும் பிந்திய கொதிப்பையும் அருகருகே வைத்து, அரசின் வருமானம் யாரிடமிருந்து பெறப்படல் வேண்டும் என்பது பற்றி எமக்கு ஒரு கொள்கை உண்டா எனத் தம்மைத் தாமே கேட்டவர் மிகச் சிலரே. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளிலும் அவர்கள் ஒரு நாளேனும் பத்திரிகை வாசிக்கத் தவறியவர்களல்லர். அவர்கள் செய்தி அறிந்திருந்தனர், அபிப்பிராயம் கூறினர், கொள்கை மட்டும் இருக்கவில்லை.

இதனினும் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. இந்நாட்டில் ஒருவர் வாசிக்கும் பத்திரிகையின் மொழியே பெரும்பாலும் அவருடைய அரசியலை நிர்ணயிக்கின்றது. ஒரே தீவில், ஒரே நாளில், சிங்களம் வாசிப்பவரும் தமிழ் வாசிப்பவரும் இரு வேறு நாடுகளின் நடப்புகளை அறிந்துகொள்கின்றனர். சிங்களப் பேரினவாதம் தனது வாசகரிடமிருந்து எவற்றை மறைக்கின்றது என்பதை நாம் நன்கறிவோம்; அதனை ஆயிரம் முறை எழுதியுமிருக்கிறோம். நம்மிடமிருந்து எவை மறைக்கப்படுகின்றன என்பதை நாம் அறிவோமா?

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. வட மாகாணத் தமிழ் வாசகருள் எத்தனை பேர் இதனைத் தமது அரசியலின் ஒரு பகுதியாகக் கொண்டு சிந்திக்கின்றனர்? ஆண்டுதோறும் ஒக்டோபர் இறுதியில் சிறு செய்தியாக வந்து மறைவது, சிந்தனையிலும் சிறு செய்தியாகவே தங்கிவிடுகின்றது. மலையக மக்களின் நாட்சம்பளப் போராட்டம் அவ்வப்போது பத்திரிகையில் இடம்பெறுகின்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பல இலட்சம் மக்களை நாடற்றவராக்கியதும், 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என அவர்தம் விருப்பத்தைக் கேளாமலே பங்கிட்டதும் அச்செய்தியில் இடம்பெறுவதில்லை. வாக்குரிமை பறிக்கப்பட்ட சமூகத்தின் கூலி ஏன் உயரவில்லை என்பதைச் சம்பளச் செய்தியை மாத்திரம் வாசித்து எவரும் விளங்கிக்கொள்ள முடியாது.

மாணவரின் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்கள் ஒன்றை அவதானித்திருப்பர். நாட்டு நடப்பைப் பற்றி எழுதும்போது மாணவர் பயன்படுத்தும் அடைமொழிகள்கூட முதல் வாரத்து ஆசிரியத் தலையங்கத்திலிருந்து அப்படியே வந்தமைகின்றன. மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. ஆசிரியர் ஓய்வறையின் உரையாடலும் அதே தலையங்கத்தின் மறுபதிப்புத்தானே!

என் கருத்துக்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களைப் பரிசீலிப்பது அவசியம். அவற்றுள் வலிமை மிக்கது, செய்தி நம் மக்களுக்கு உயிர் காத்த பொருள் என்பதாகும். உண்மை. 1990களில் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிக்கு உயிரூட்டிச் செய்தி கேட்ட மக்கள், பொழுதுபோக்கிற்காக அதனைச் செய்யவில்லை. எந்தப் பாதை மூடப்பட்டது, எங்கே ஊரடங்கு, எவ்விடத்திற் குண்டு விழுந்தது என்பவை உயிர் பற்றிய வினாக்கள். இன்றும் புயலெச்சரிக்கையையும் வெள்ள எச்சரிக்கையையும் கேளாதிருக்குமாறு எவரும் கூறார். ஆனால் உயிர் காக்கும் செய்தி வேறு. அபிப்பிராயம் வளர்க்கும் செய்தி வேறு. முன்னையதன் பெருமையைக் காட்டிப் பின்னையதற்கு நியாயம் கற்பித்தல் பொருந்தாது.

செய்திக்காக உயிர் நீத்தோரை நினைவுறுத்துவர் வேறு சிலர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்ட நாட்களிலேயே 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் எரியூட்டப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நிமலராஜனும், 2005இல் சிவராமும், 2009இல் லசந்த விக்கிரமதுங்கவும் கொல்லப்பட்டனர். அவ்வாறிருக்க, வாசியாதிரு என்று சொல்வது துரோகமாகாதா? அவர்கள் ஆபத்தினிடையே நின்று எழுதியவற்றைத் தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டு மறுநாள் மறந்துவிடுவதே துரோகமென நான் கருதுகிறேன். உயிரைக் கொடுத்து எழுதியவர்களுக்குச் சிந்திக்கும் வாசகரே தகுந்த கைம்மாறு.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டையும் வற்புறுத்தல் வேண்டும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கெதிரான வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும் அரசாங்கம் முகநூல் முதலியவற்றைத் தடைசெய்தது. 1973ஆம் ஆண்டில் லேக் ஹவுஸ் நிறுவனம் சட்டத்தின் மூலம் அரசின் பிடிக்குள் கொண்டுவரப்பட்டது. அதிகாரம் நம் செவியை அடைப்பதும் நாமே சிறிது காலம் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் பார்ப்பதும் ஒன்றல்ல. முதலாவதை நாம் எதிர்க்க வேண்டும். அதனைத் தெளிவாக எதிர்க்கும் ஆற்றலை இரண்டாவது நமக்குத் தரும்.

இத்தகைய விலகலுக்கு முன்மாதிரி உண்டா எனக் கேட்கும் தோழர்களுக்கு அவர்கள் மதிக்கும் ஒருவரையே காட்டுவேன். 1842 ஒக்டோபரில் கொலோன் நகரத்து 'ரைனிஷ் ஸைற்றுங்' என்னும் பத்திரிகையின் ஆசிரியரானவர் கார்ல் மார்க்ஸ். காட்டில் விறகு பொறுக்கிய ஏழைகளைத் திருடரென்று தண்டிக்கும் சட்டம் பற்றியும், மொஸெல் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிகளது வறுமை பற்றியும் அவர் எழுத நேர்ந்தது. பொருளியல் நலன்களைப் பற்றிப் பேசுவதற்குத் தமது கல்வி போதாதென்பதை அப்போது அவர் உணர்ந்தார். பிரெஞ்சு சோஷலிசக் கருத்துகள் பற்றிய சர்ச்சையிலும், தமது அறிவு தீர்ப்புக் கூறப் போதியதன்று என வெளிப்படையாகவே கூறினார். 1843 மார்ச்சில் பத்திரிகையிலிருந்து விலகி, படிப்பறைக்குள் சென்று, தாம் கற்ற ஹெகலின் அரசியற் தத்துவத்தை வரிவரியாக விமர்சிக்கத் தலைப்பட்டார். 1859இல் எழுதிய முன்னுரை ஒன்றில் இவ்வரலாற்றை அவரே விவரித்துள்ளார். பிற்காலத்தில் அவர் மீண்டும் பத்திரிகைகளுக்கு எழுதினார் என்பதும் குறிப்பிடத்தக்கது. அவரைப் பின்பற்றுவோம் என்போர் "எனக்கு இது பற்றிப் போதிய அறிவில்லை" என்ற வசனத்தை எத்தனை முறை உச்சரித்திருக்கின்றனர்?

இவ்விலகலுக்கு விலையும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டு இடைக்காலத் தேர்தலுக்கு முன்னர், ஆய்வாளர் சிலர் ஒரு தொகுதியினரை நான்கு வாரங்கள் முகநூலிலிருந்து விலகியிருக்கச் செய்தனர். 2020இல் வெளியான முடிவுகளின்படி, விலகியிருந்தோரின் அரசியற் கருத்துகளில் துருவநிலை சற்றுக் குறைந்தது. அதே வேளை நடப்புச் செய்திகள் பற்றிய அறிவும் குறைந்தது. ஆகவே வெறுமனே விலகுதல் போதாது. காலியான நேரத்தை எதனால் நிரப்புகிறோம் என்பதே முக்கியமானது.

"எனக்கு அரசியலே வேண்டாம், மன அமைதி வேண்டும்" என்று செய்தியைத் துறப்போருடன் எனக்கு எவ்வித உடன்பாடும் இல்லை. காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களுடன் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாருக்கு அத்தகைய அமைதி வாய்ப்பதில்லை. பிறர் துயரைக் காணாதிருப்பதால் வரும் அமைதி, பிறர் செலவிற் பெற்ற அமைதியே. நான் கூறும் நோன்பு கடினமானது. நோன்பின் முதல் நாளில் ஒரு தாளை எடுத்து, தேசிய இனப்பிரச்சினை, காணி, கடன், கல்வி, சாதி ஆகிய ஐந்து விடயங்கள் பற்றியும் நமது கருத்தை ஐந்து வாக்கியங்களில் எழுதுவோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும், இதனை யாரிடமிருந்து பெற்றேன், எந்த ஆதாரத்தின்மீது நம்புகிறேன், எந்த உண்மை தெரியவரின் இதனைக் கைவிடுவேன் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை எழுதுவோம். மூன்றாவது வினாவுக்கு விடையில்லாத கருத்தைக் கொள்கை எனச் சொல்லக்கூடாது, அது பழக்கம்.

அதன்பின் மூலங்களை நாடுவோம். அரசியலமைப்பை முழுமையாக வாசித்தவர் நம்மில் எத்தனை பேர்? மத்திய வங்கியின் ஆண்டறிக்கையும் பாராளுமன்ற விவாதங்களின் பதிவான ஹன்சாட்டும் தேடினாற் கிடைக்காதவையல்ல. சிங்களம் அறிந்தவர் சிங்கள நூலொன்றை வாசிக்கட்டும். அறியாதவர் அம்மாதத்திலேயே கற்கத் தொடங்கட்டும். மீனவரிடமும், தோட்டத் தொழிலாளியிடமும், புத்தளத்திலிருந்து மீண்டு வந்த முஸ்லிம் குடும்பத்திடமும் பேசாமல், கேட்பதற்காகவே செல்வோம். நமது சாதியினர் அல்லாதாரின் வீட்டு முற்றத்தில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருப்பது, சமத்துவம் பற்றிய ஆயிரம் தலையங்கங்கள் கற்பியாத பாடத்தைக் கற்பிக்கும்.

மாத இறுதியில் அதே தாளை மீண்டும் எடுப்போம். ஐந்து கருத்துகளுள் சில முன்னிலும் உறுதியாக நிற்கும், சில வீழ்ந்துவிடும். வீழ்ந்தவற்றிற்காக வருந்த வேண்டியதில்லை; அவை நம்முடையனவாக என்றுமே இருந்ததில்லை. பின்னர் பத்திரிகையை விரிப்போம். அதுவரை நம்மைக் கேள்வி கேட்காமல் உள்ளே புகுந்த செய்தியை, வாயிலிலே நிறுத்தி நாம் கேள்வி கேட்போம். அந்நாளிலிருந்தே நாம் பத்திரிகை வாசிப்பவர்களாவோம்.