கொழிஞ்சியைக் கைவிடலாகாது

உடன்குடி என்றவுடன் கருப்பட்டியை நினைக்கின்ற நாம், அப்பனங்காடுகளை ஒட்டிய தேரிச் செம்மணலில், ஊதா நிறப் பூக்களும் மென்ரோமம் படர்ந்த சிறு காய்களுமாக நிற்கும் கொழிஞ்சியை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இக்குறுஞ்செடியோ, வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் சகாயத்தால் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கிரகித்து, கோடையின் உக்கிரத்தைத் தாங்கி, ஆடுமாடுகள் விரும்பி மேயாத காரணத்தால் வேலியின்றியே பிழைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழப்படுமாயின் நிலத்துக்கே எருவாகிவிடுகிறது.

இரசாயன உரம் துரிதமாகப் பலன் தருகையில் மந்தமாக வளரும் செடி எதற்கு என்று கேட்பவர் உண்டு. மூட்டை உரம் பயிருக்கு ஊட்டம் அளிக்குமேயன்றி, மண்ணுக்கு மக்கு அளிக்காது என்பதே அதற்கு விடை.

கெட்டியான விதைத்தோலை மணலோடு தேய்த்து விதைத்தால் முளைப்பும் சீராகும். ஒருமுறை காய்த்து உதிர்ந்த விதை பின்வரும் பருவங்களிலும் முளைக்கும். ஆகவே, தாமிரபரணிப் பாசனத்தின் நெல் தரிசுகளுக்கும், காற்று மணலை வாரிச் செல்லும் தேரி ஓரங்களுக்கும் கொழிஞ்சி விதையை அறுவடைக் காலத்திலேயே கிடைக்கச் செய்வது வேளாண்மைத் துறையின் கடமை. அதை விதைப்பது நம் கடமை.