மூலையில் நிற்கும் கர்லாக்கட்டை
கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களில் நாள்முழுதும் கையுயர்த்தி உழைப்போருக்குத் தனிப்பயிற்சி தேவைப்படாதிருக்கலாம். அவர்தம் பிள்ளைகளோ நூலும் கைப்பேசியுமாய் அமர்ந்தே வளர்கின்றனர். 5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்கென விலைமிக்க ஓடுபொறி வாங்கி, அதில் துணி உலர்த்துவோரும் உளர்! முன்னோர் சுழற்றிய கர்லாக்கட்டைக்கு வீட்டின் ஒரு மூலை போதும். அதன் எடை கைப்பிடியிலிருந்து விலகி மறுமுனையில் திரண்டிருப்பதால், சுழற்றுங்கால் தோளும் முன்கையும் இடுப்பும் ஒருசேர உழைக்கின்றன. இந்தியாவில் இதனைக் கண்ட ஆங்கிலேயர் தம் நாட்டுக்கும் கொண்டு சென்றனர். 1904, 1932 ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றல் போட்டியாகவே நடந்தது. பெருங்கட்டையே பெருவலிமை தரும் எனக் கருதுவது பிழை. பழகாத தோள் அதனால் புண்படும். தொடங்குவோர் சிறுகட்டையையே எடுத்தல் வேண்டும்.